மோடம் காட்டும் குறிப்புகளை வாசிக்கும் முறை

நெய்வேலிப் பக்கத்து நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் ஒரு பாடம்

1. முகவுரை

பயிர்த்தொழில் செய்வோர் எழுத்தில் வராத குறிப்புகளை வாசிப்பதில் நல்ல பழக்கமுள்ளவர்கள். பயிரின் அடியிலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு என்றும், குருத்திலைகள் முதலில் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்றும் ஊகிக்கிறோம். தழைச்சத்து முதிர்ந்த இலையை விட்டு இளங்குருத்துக்கு இடம் பெயரக் கூடியது; இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் பெயராது. இலையின்மேல் யாரும் பெயர்ச்சீட்டு ஒட்டிவைக்கவில்லை. ஒழுங்காகப் பார்த்து, ஒன்றோடொன்றை ஒப்பிட்டு, காரணத்தை அறிந்தே இந்த அறிவு கிடைத்தது.

நெய்வேலி என்னும் ஊர் ஏற்பட்டதும் இத்தகைய ஒரு குறிப்பைக் கவனித்ததனாலேயே ஆகும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது, ஊற்று நீருடன் கருநிறப் பொருள் ஒன்று மேலே வந்தது. அதனைச் சேறு என்று ஒதுக்கிவிடாமல் அவர் அரசாங்கத்தாருக்குத் தெரிவித்தார். அதன்பின் நடைபெற்ற ஆராய்ச்சிகளின் பயனாக 1956ஆம் ஆண்டில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கப்பெற்றது.

இப்பொழுது நமது வயல்களில் வேறொரு வகைக் குறிப்பு வந்து சேர்ந்திருக்கிறது. கைபேசி மூலம் பம்பு மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் பயன்படும் ஸ்டார்ட்டர் பெட்டிகளை அநேகர் வைத்திருக்கின்றனர். வேளாண்மைப் பொறியியல் துறையினர் இவற்றிற்கு மானியமும் அளித்திருக்கின்றனர். மும்முனை மின்சாரம் வரும் நேரம் நள்ளிரவாயினும், வயலுக்கு நடந்து செல்லாமல் நீர் பாய்ச்ச இப்பெட்டி உதவுகிறது. ஆனால் பெட்டி ஒரு நாள் பேசாமற் போனால் என் செய்வது? விளக்கு ஒன்று மின்னுகிறது. குறுஞ்செய்தியில் பொருள் விளங்காத எண்கள் வருகின்றன. கூட வந்த சிறு புத்தகமோ அவற்றைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நல்ல பெட்டியைப் பழுதென்று கழற்றிப் புதிதாக வாங்குவோர் உண்டு. அதைவிடக் கொடிது, பெட்டியின்மேல் குற்றம் சாற்றி, காவற்கருவியை விலக்கி, மோட்டாரை நேரே ஓட்டிச் சுருளை எரித்துவிடுவதாகும். கதிர் வெளிவரும் பருவத்தில் ஒரு வாரம் நீரின்றிப் போனால் விளைச்சல் பெரிதும் குறையும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இப்பெட்டிக்குள் இருந்து பேசும் உறுப்பு மோடம் எனப்படும். அதன் குறிப்புகளை வாசிக்கும் கலை புதிதன்று. டெலிபோன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டர்களை இணைத்த காலத்திலேயே அது வளர்ந்தது. ஆகையால் முதலில் அந்தப் பழைய மோடத்தைக்கொண்டு பாடத்தைக் கற்று, பிறகு வயலுக்கு வருவோம்.

2. மோடம் என்பது யாது?

டெலிபோன் கம்பி மனிதர் குரலைக் கொண்டுசெல்வதற்காக ஏற்பட்டது. விநாடிக்குச் சுமார் 300 முதல் 3,400 வரை அதிர்வுள்ள ஓசைகளே அதில் நன்றாகச் செல்லும். கம்ப்யூட்டரின் மொழியோ ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளாலாயது. அக்குறிகளை ஓசையாக மாற்றிக் கம்பியில் விடுவதும், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஓசையைத் திரும்பக் குறிகளாக்குவதும் மோடத்தின் வேலை. நெல்லை மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்ப, சேரிடத்தில் மூட்டையை அவிழ்த்து அளப்பது போன்றது இது.

நமது தேசத்தில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. அக்காலத்தில் அதை அடையும் வழி பெரும்பாலும் டெலிபோன் கம்பியும் மோடமுமே. நெய்வேலிக்கு வடக்கே புதுச்சேரி வட்டாரத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998இல் வில்லியனூரை நடுவிடமாகக்கொண்டு கிராம அறிவு மையங்களை அமைத்து, கம்பி வழியாகவும் ரேடியோ வழியாகவும் விலைவாசி, வானிலை முதலிய செய்திகளைக் கிராமத்தாருக்கும், கடல் அலை நிலையை வீராம்பட்டினத்து மீனவர்களுக்கும் கிடைக்கச் செய்தனர். மோடம் பேசினால்தான் செய்தி வரும். அது மழையில் தடுமாறினால், செய்தி மிகவும் தேவைப்படும் வேளையில் கிட்டாமற் போகும். ஆதலால் கருவியின் நிலையை அறிவது கிராமத்திற்கும் பொருளுள்ள விஷயமாயிற்று.

அந்தப் பழைய மோடம் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஆயினும் அதனிடம் கற்ற பாடம் ஒழியவில்லை.

3. மோடம் தானே சொன்னதும் சொல்லாததும்

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹேஸ் கம்பெனியார் வெளியிட்ட மோடத்தில், 'ஏ.டி.' என்னும் இரண்டெழுத்தில் தொடங்கும் கட்டளைகள் ஏற்படுத்தப்பட்டன. 'கவனி' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. மற்றக் கம்பெனியாரும் அம்முறையையே பின்பற்றினர். இன்றும் பம்புப் பெட்டிக்குள் இருக்கும் மோடம் இதே 'ஏ.டி.' கட்டளைகளுக்குத்தான் செவி சாய்க்கிறது.

கட்டளைக்கு மோடம் தரும் விடைகளுட் சில எல்லோருக்கும் தெரிந்தவை. 'கனெக்ட்' என்றால் இணைப்புக் கிடைத்தது. 'பிஸி' என்றால் எதிர் லைன் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. 'நோ டயல்டோன்' என்றால் நமது கம்பியிலேயே உயிரில்லை. 'நோ கேரியர்' என்றால் எதிர் மோடத்தின் ஓசை கிட்டவில்லை, அல்லது இடையில் அறுந்தது. இந்த நான்கையும் பிரித்தறிந்தவர் வேலையில் பாதியை முடித்தவராவார். 'நோ டயல்டோன்' என்று வரும்பொழுது தூரத்து நிலையத்தாரைக் குறை கூறுவதும், 'பிஸி' என்று வரும்பொழுது தம் வீட்டுக் கம்பியைப் பிரித்துப் பார்ப்பதும் வீண்வேலை.

ஆனால் சில மோடங்கள் இன்னும் நுட்பமான குறிப்புகளையும் வைத்திருந்தன. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் கம்பெனியாரின் மோடத்தில் 'ஏ.டி.ஐ.6' என்று கேட்டால், முடிந்த அழைப்பில் எத்தனை எழுத்துக்கள் போயின, எத்தனை கட்டுகள் மறுபடி அனுப்பப்பட்டன, இணைப்பு அறுந்த காரணம் யாது என்பவை வரும். 'ஏ.டி.ஐ.11' என்று கேட்டால் லைனின் குணமே எண்களாக வரும்: வந்த ஓசையின் பலம், அனுப்பிய ஓசையின் பலம், ஓசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், எதிரொலியின் அளவு, ஓசை போய்த் திரும்பும் காலம், வேகம் எத்தனை முறை கூடிற்று அல்லது குறைந்தது என்பன. இவற்றுடன், எழுத்தும் எண்ணும் காற்புள்ளியும் கலந்த 'ஸ்டேட்டஸ்' வரி ஒன்றும் வரும். அது கம்பெனியின் பொறியாளர் தம் உபயோகத்திற்காக வைத்துக்கொண்ட வரி. அதன் பகுதிகள் இன்னவை என்று வாங்குவோருக்கான புத்தகத்தில் விளக்கம் இல்லை. உபயோகித்தவர்கள் தாமே ஒப்பிட்டுப் பொருள் தேட வேண்டியிருந்தது.

4. பெயருள்ள எண்களின் பொருள்

பெயரில்லாத எண்ணை ஆராயுமுன், பெயருள்ளவற்றை ஐயமற அறிய வேண்டும்.

(அ) வந்த ஓசையின் பலம். இது டெசிபெல் என்னும் அளவில், கழித்தற்குறியுடன் சொல்லப்படும். கழித்தல் 12 என்பது கழித்தல் 20ஐவிட வலிமையுள்ளது. கிணற்று நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே இத்தனை அடி என்று சொல்வதுபோல் இதைக் கொள்க. 20 அடியில் உள்ள நீர் 40 அடியில் உள்ளதைவிட மேலானது. இந்த அளவில் 3 குறைந்தால் பலம் பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும். ஆகையால் 18இலிருந்து 28க்கு இறங்குவது சிறு மாறுதல் அன்று.

(ஆ) ஓசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். இது நெல்லுக்கும் பதருக்கும் உள்ள விகிதம் போன்றது. எண் பெரிதானால் நல்லது. களத்தில் நெல் நிறைய இருந்தாலும் பதர் கூடினால் தரம் குறைவதுபோல, ஓசை பலமாக இருந்தாலும் இரைச்சல் மிகுந்தால் வேகம் குறையும். 33,600 என்னும் உயர்ந்த வேகம், விகிதம் 30க்கும் கீழே இருக்கையில் கிட்டுவது அரிது.

(இ) போய்த் திரும்பும் காலம். ஆயிரத்தில் ஒரு விநாடியை அலகாகக்கொண்டு இது சொல்லப்படும். பக்கத்து ஊர் லைனில் இது சில அலகுகளே இருக்கும். 500க்கு மேல் காட்டினால் அழைப்பு செயற்கைக்கோள் வழியாகச் சென்றதென்று ஊகிக்கலாம்; ஏனெனில் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அக்கோளுக்கு ஏறி இறங்கி, அவ்வாறே திரும்பி வருவதற்கு அரை விநாடிபோல் ஆகும். இந்த எண் பழுதைக் காட்டுவதன்று, வழியைக் காட்டுவது.

(ஈ) மறுபயிற்சி. லைனின் குணம் திடீரென்று மாறினால் இரு மோடங்களும் பேச்சை நிறுத்தி, சோதனை ஓசைகளை விட்டு, லைனை மீண்டும் அளந்துகொள்ளும். 1994இல் ஏற்பட்ட வி.34 என்னும் சர்வதேச முறையில், அழைப்பின் தொடக்கத்தில் 150 முதல் 3,750 அதிர்வு வரையில் 21 ஓசைகளை ஒருசேர அனுப்பி லைன் அளக்கப்படும். இம்மறுபயிற்சி அடிக்கடி நேர்ந்தால் கம்பியில் நிலையற்ற குறை இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

இவற்றை எவ்வாறு சேர்த்து வாசிப்பது என்பதற்கு மூன்று அழைப்புகளை உதாரணமாகக் கொள்வோம். எண்கள் பாடத்திற்காக அமைக்கப்பட்டவை.

முதல் அழைப்பு, வறண்ட காலை: வந்த பலம் கழித்தல் 18, விகிதம் 38, வேகம் 31,200, மறுபயிற்சி இல்லை.

இரண்டாம் அழைப்பு, மழைக்குப் பின் மாலை: வந்த பலம் கழித்தல் 18, விகிதம் 29, வேகம் 24,000, மறுபயிற்சி 4.

மூன்றாம் அழைப்பு, வறண்ட காலை, அடுத்த அறையிலும் ஒரு டெலிபோன் இணைக்கப்பட்டது: வந்த பலம் கழித்தல் 24, விகிதம் 35, வேகம் 28,800, மறுபயிற்சி இல்லை.

முதலையும் இரண்டையும் ஒப்பிடுக. பலம் மாறவில்லை, விகிதமே குறைந்தது. ஆகவே ஓசை வழியில் வீணாகவில்லை. இரைச்சல் புதிதாகப் புகுந்திருக்கிறது. மழை நீர் இறங்கிய இணைப்பு, அதனருகே செல்லும் மின்கம்பியின் தூண்டல், இவற்றைத் தேட வேண்டும். முதலையும் மூன்றையும் ஒப்பிடுக. பலம் 6 டெசிபெல் இறங்கிற்று. ஓசையில் ஒரு பகுதி பக்கத்து டெலிபோனுக்குப் பிரிந்துபோயிற்று. இங்கே வெளிக் கம்பியைத் தோண்டுவதில் பயனில்லை. உள்ளே இருக்கும் கிளையைக் கழற்றினால் போதும். வேகம் குறைந்தது என்னும் குறை இரண்டிலும் உண்டு. காரணம் வேறு, பரிகாரமும் வேறு. மேலோட்டமாக 'மோடம் மெதுவாகிவிட்டது' என்று சொல்பவருக்கு இவ்வேற்றுமை தெரியாது.

5. பெயரில்லாத எண்ணை ஆராயும் முறை

இனி, புத்தகம் சொல்லாத வரிக்கு வருவோம். இதற்கு நமது செய்முறை வயல்களில் வழக்கமாக உள்ள முறையே போதுமானது. புது உரத்தைச் சோதிக்கையில், உரமிட்ட பாத்தியோடு இடாத பாத்தியையும் வைக்கிறோம். மற்ற எல்லாவற்றையும் சமமாக்குகிறோம். ஒரே பாத்தியை நம்பாமல் பல பாத்திகளில் திரும்பச் செய்கிறோம். மோடத்திலும் அவ்வாறே செய்க.

முதற்படி: வரியை உள்ளது உள்ளபடி எழுதிக்கொள்க. காற்புள்ளியையும், எழுத்து பெரியதா சிறியதா என்பதையும் விட்டுவிடலாகாது. சுருக்கி எழுதிய குறிப்பு பிற்பாடு உதவாது.

இரண்டாம்படி: நாள், நேரம், மழை, மின்சார நிலை, அழைத்த எண், கருவியின் உட்பதிப்பு ஆகியவற்றை உடன் எழுதுக. உட்பதிப்பு மாறினால் அதே இடத்தில் உள்ள எண் வேறு பொருள் கொள்ளக்கூடும்.

மூன்றாம்படி: பத்து அழைப்புகளின் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மாறாத பகுதியையும் மாறும் பகுதியையும் பிரிக்க. எப்பொழுதும் மாறாதது பெரும்பாலும் கருவியின் அமைப்பைச் சொல்வது. அழைப்புக்கு அழைப்பு மாறுவது லைனைச் சொல்வது.

நான்காம்படி: மாறும் பகுதியைப் பெயருள்ள எண்களோடு பொருத்திப் பார்க்க. விகிதம் கூடும்போதெல்லாம் ஒரு பகுதியும் கூடி, குறையும்போதெல்லாம் குறைந்தால், இரண்டிற்கும் உறவு உண்டு.

ஐந்தாம்படி: உறவைக் காரணமென்று உடனே கொள்ளற்க. மழை நாளில் தவளை கத்துகிறது. மழை நாளில் லைனும் கெடுகிறது. தவளை லைனைக் கெடுக்கவில்லை. ஆகையால் ஒரே ஒன்றை மட்டும் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். பக்கத்து டெலிபோனை இணைத்தும் கழற்றியும், அதே எண்ணை அதே மணிநேரத்தில் அழைத்தும் சோதிக்க. இரண்டை ஒருசேர மாற்றினால் சோதனை பாழாகும்.

ஆறாம்படி: முன்கூட்டிச் சொல்லிச் சோதிக்க. 'இணைத்தால் இந்த எண் இறங்கும்' என்று எழுதிவைத்துவிட்டுப் பிறகு இணைத்துப் பார்க்க. சொன்னபடி பல முறை நிகழ்ந்தால் நம்பிக்கை கூடும். நிகழாவிடில் ஊகத்தைக் கைவிட மனமிருக்க வேண்டும்.

ஏழாம்படி: பெயர் தெரியாத எண்ணுக்கு அவசரப்பட்டுப் பெயர் சூட்டற்க. 'மூன்றாம் பகுதி, மழையில் கூடுகிறது' என்று எழுதுவது உண்மை. 'மூன்றாம் பகுதி, ஈரத்தின் அளவு' என்று எழுதுவது ஊகம். ஒருவர் எழுதிய ஊகம் பத்துப் பேர் கையில் மாறியபின் உண்மையைப்போல் உலாவத் தொடங்கும்.

இவற்றிற்கெல்லாம் முற்பட்ட விதி ஒன்றுண்டு. நமது புத்தகத்தில் இல்லை என்பதனால் உலகத்தில் எங்கும் இல்லை என்று எண்ணலாகாது. பெட்டி செய்தவர் சொல்லாததைப் பெட்டிக்குள்ளிருக்கும் மோடத்தைச் செய்தவர் சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லாததைப் பொதுத் தர நூல் சொல்லியிருக்கலாம். பம்புப் பெட்டியின் விஷயம் பெரும்பாலும் இத்தன்மையதே.

6. பம்பு ஸ்டார்ட்டர் பெட்டியின் குறிப்புகள்

நெய்வேலிச் சுற்றுப்புறத்தில் நிலத்தடி நீரின் நிலைமை தனித்தன்மையுடையது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர் உண்டு. சுரங்கத்தின் தரை வெடித்து மேலெழாதிருக்க அந்நீரை இடைவிடாது இறைக்க வேண்டியிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் நெல், கரும்பு, மணிலா பயிரிடுவோர் பலர் ஆழ்துளைக் கிணற்றையும் மின்பம்பையும் நம்பியிருக்கின்றனர். மோட்டார் கொட்டகையோ வீட்டிலிருந்து தொலைவில் இருக்கும். ஆகவே கைபேசிப் பெட்டியின் சேவை இங்கே மிகவும் வேண்டப்படுவது.

(அ) அலையின் பலம். இதனைக் கேட்கும் கட்டளை 'ஏ.டி. கூட்டல் சி.எஸ்.க்யூ.' என்பது. மெக்கானிக் கம்பி இணைத்துக் கேட்கலாம்; சில பெட்டிகள் நிலைமைக் குறுஞ்செய்தியிலேயே இந்த எண்ணை அனுப்பிவிடும். விடை '14,99' என்பதுபோல் இரண்டு எண்களாக வரும். முதல் எண் 0 முதல் 31 வரை இருக்கும். அதை இரண்டால் பெருக்கி, 113இலிருந்து கழித்து, முன்னே கழித்தற்குறி இட்டால் பலம் கிடைக்கும். 14 என்றால் 28ஐக் கழிக்க, கழித்தல் 85. 20 என்றால் கழித்தல் 73. 5 என்றால் கழித்தல் 103. அனுபவத்தில் 10க்குக் கீழே இருப்பது நம்பத்தகாதது. 15க்கு மேல் நல்லது.

இங்கே அநேகர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 99 என்னும் எண்ணைக் கண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று மகிழ்பவர் உளர். அது மதிப்பெண் அன்று; 'அளவு தெரியவில்லை' என்பதன் குறியாகும். இரண்டாம் இடத்தில் 99 வருவது சாதாரணம். அதைப்பற்றிக் கவலை வேண்டாம். முதல் இடத்தில் 99 வந்தால் மோடத்திற்கு அலையே புலப்படவில்லை என்று கொள்ள வேண்டும்.

(ஆ) பதிவு நிலை. 'ஏ.டி. கூட்டல் சி.ரெக்.' என்று கேட்டால் வரும் விடையின் இரண்டாம் எண்ணைப் பார்க்க. 1 என்றால் சொந்த நிறுவனத்தின் கோபுரத்தில் பதிவாயிற்று. 5 என்றால் பிற நிறுவனத்தின் கோபுரத்தில் பதிவாயிற்று. 2 என்றால் இன்னும் தேடுகிறது. 3 என்றால் கோபுரம் மறுத்துவிட்டது. 0 என்றால் பதிவும் இல்லை, தேடவும் இல்லை.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. பலம் 20, பதிவு 3 என்றால் ஏரியலை உயர்த்துவதனால் ஒன்றும் ஆகாது. சிம் கார்டின் கணக்கு முடிந்திருக்கலாம், அல்லது முடக்கப்பட்டிருக்கலாம். பலம் 4, பதிவு 2 என்றால் சிம்மை மாற்றுமுன் ஏரியலைக் கவனிக்க. மற்றொன்று: பழைய பெட்டிகளில் உள்ள மோடம் 2ஜி முறை மட்டுமே அறிந்தது. 4ஜியும் அதற்கு மேற்பட்டதும் மட்டுமே நடத்தும் நிறுவனத்தின் சிம்மை அதில் இட்டால் ஒருபோதும் பதிவாகாது. சிம்மும் நல்லது, பெட்டியும் நல்லது, பொருத்தமே தவறு. கைபேசியில் அதே சிம் நன்றாகப் பேசுவதைக் கண்டு பெட்டியைக் கெட்டதென்று தள்ளியவர்கள் உண்டு.

(இ) மின்னும் விளக்கு. மிகுதியாகக் காணப்படும் சிம்800 என்னும் வகை மோடத்தில், விளக்கு ஏறக்குறைய விநாடிக்கொரு முறை மின்னினால் பதிவாகவில்லை; மூன்று விநாடிக்கொரு முறை மின்னினால் பதிவாயிற்று; மிக வேகமாக மின்னினால் தரவு இணைப்பு நடக்கிறது. வேகமாக மின்னுவதே நல்லது என்று நினைப்பது இயல்பு. இங்கே மெதுவாக மின்னுவதே அமைதியைக் காட்டுவது. வேறு வகை மோடங்களில் இவ்வழக்கு மாறும். ஆதலால் பெட்டி நன்றாக வேலை செய்யும் நாளில், ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக் கதவின் உட்புறம் எழுதிவைக்க. நோயில்லாத பயிரை அறிந்தவரே நோயுற்ற பயிரை அறிவர்.

(ஈ) அழைக்கும்போது மட்டும் அணைந்து எரிதல். இவ்வகை மோடம் அலையை வீசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை மின்சாரத்தை இழுக்கும். சும்மா இருக்கையில் மிகச் சிறிதே போதும். ஆகையால் உள்ளிருக்கும் பேட்டரி தளர்ந்திருந்தால், பதிவெல்லாம் ஒழுங்காக இருந்தும், நாம் அழைத்தவுடன் மோடம் அணைந்து மீண்டும் தொடங்கும். அழைக்கும்பொழுதே விளக்கைப் பார்த்தவர்க்குத்தான் இது புலப்படும்.

(உ) அழைத்தவர் காதில் விழும் செய்தி. 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது', 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது' என்னும் இரண்டும் ஒன்றல்ல. முறையாக அணைந்த மோடம் கோபுரத்திடம் விடைபெற்றுச் செல்லும். திடீரென்று மின்சாரம் நின்றுபோனால் விடைபெற நேரமில்லாமையால், கோபுரம் சிறிது காலம் அது இருப்பதாகவே எண்ணித் தேடும். ஆகவே 'எல்லைக்கு வெளியே' என்று கேட்டவுடன் அலைக்குறை என்று தீர்மானிக்கலாகாது. கொட்டகையில் மின்சாரமே இல்லாதிருக்கலாம்.

7. பரிகாரங்கள்

அலையின் பலம் குறைவாயின்: ஏரியலை இரும்புப் பெட்டிக்குள்ளும் தகரக் கொட்டகைக்குள்ளும் வைக்கலாகாது. ஏரியற் கம்பி கொண்டு வெளியே, கூரைக்கு மேலே நிறுத்துக. நிறுத்துமுன்னும் நிறுத்தியபின்னும் எண்ணைக் குறித்து, 5 அளவு கூடினால் பலம் பத்து மடங்கு கூடியதாகக் கொள்க. ஸ்டார்ட்டரின் காந்தச் சாவிக்கு அருகே ஏரியற் கம்பியைச் சுற்றி வைக்க வேண்டாம்.

பதிவு மறுக்கப்படின்: சிம்மின் கணக்கையும், அது பெட்டியின் முறைக்கு ஏற்றதா என்பதையும் விசாரிக்க.

அழைக்கையில் அணையின்: பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் மாற்றச் செய்க.

மோடம் பேசுகிறது, மோட்டார் ஓடவில்லையாயின்: இது மோடத்தின் குறை அன்று. முனைகளின் மின்னழுத்தத்தைக் கேட்டறிக. முனைக்கு முனை 415 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டியதில் ஒரு ஜோடி மிகத் தாழ்ந்திருந்தால், ஒரு முனை அறுந்திருப்பதாகக் கொள்ளலாம். அந்நிலையில் மோட்டாரை ஓடவிடாமல் தடுப்பது பெட்டியின் பழுதன்று. அதுவே பெட்டி நமக்குச் செய்யும் பெரிய உதவி. காவற்கருவியை விலக்கி ஓட்டினால் மீதியுள்ள முனைகளில் மின்சாரம் மிகுந்து சுருள் எரியும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை ஏற்றி, சுருள் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் பயிர் வாடிவிடும்.

எச்சரிக்கை: குறுஞ்செய்தியையும் விளக்கையும் யாரும் வாசிக்கலாம், பெட்டியைத் திறந்து கம்பியைத் தொடுவது மின்சாரத்தைத் துண்டித்தபின், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. ஈரக்கையோடும் ஈரத்தரையிலும் ஒருபோதும் தொடலாகாது.

8. குறிப்பேடும் கிராம அலுவலர்களும்

ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு சிறு குறிப்பேடு இருத்தல் நலம். நாள், நேரம், அலையெண், பதிவெண், மூன்று முனைகளின் வோல்ட்டு, மழை உண்டா இல்லையா, பெட்டி என்ன சொல்லிற்று, நாம் என்ன செய்தோம் என்னும் எட்டுக் கட்டங்கள் போதும். வாரத்துக்கு ஒரு முறை, நல்ல நிலையிலும் எழுதுக. பழுது வந்த பிறகு மட்டும் எழுதுபவரிடம் ஒப்பிடுவதற்கு ஒன்றும் இராது.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவக்கூடும். ஒரு கொட்டகையில் மட்டும் அலையெண் இறங்கினால் குறை அக்கொட்டகையில் இருக்கலாம். ஒரே நாளில் பத்துக் கொட்டகைகளிலும் இறங்கினால் குறை கோபுரத்தில் இருக்கலாம். தனித்தனியே முறையிடும் பத்துப் பேரைவிட, பத்துக் குறிப்பேடுகளைச் சேர்த்து நாளும் மணியும் எண்ணும் காட்டி எழுதிய ஒரு மனுவுக்கு மதிப்பு அதிகம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூர் ஜில்லாவைத் தாக்கிய தானே புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் விழுந்தன. அத்தகைய காலத்தில் எந்தப் பகுதியில் மின்சாரம் வந்துவிட்டது, எங்கே இரு முனை மட்டும் வந்திருக்கிறது என்பதைப் பம்புப் பெட்டிகளின் செய்திகளைக் கொண்டே ஓரளவு அறியலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே கிராமத்தார் கூடி, ஏரியல், பேட்டரி, சிம் ஆகிய மூன்றையும் பார்வையிட்டுக் குறித்துக்கொள்வது உத்தமம்.

9. பாடத்தின் சுருக்கம்

(1) கருவி சொன்னதை அப்படியே எழுதுக.
(2) நல்ல நிலையின் எண்களை முன்னதாகவே அறிந்துவைக்க.
(3) ஓர் எண்ணைத் தனியே வாசிக்காமல் மற்றோர் எண்ணோடு சேர்த்து வாசிக்க.
(4) ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக.
(5) புத்தகம் சொல்லாததைப் பொதுத் தர நூலில் தேடுக. அங்கும் கிடையாதாயின் சோதித்தறிக.
(6) அறிந்ததையும் ஊகித்ததையும் தனித்தனியே எழுதுக.
(7) காவற்கருவியை எக்காரணம் கொண்டும் விலக்கற்க.

வாசகர்கள் தத்தம் பெட்டியின் விளக்கு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை மின்னுகிறது, நிலைமைச் செய்தியில் என்னென்ன எண்கள் வருகின்றன என்பதை இந்த வாரத்திலேயே எழுதிக்கொள்வாராக. அந்த ஒரு பக்கம், பெட்டி பேசாத இரவில் மெக்கானிக் வருமுன்னரே குறை எவ்விடத்தில் என்று சொல்லக்கூடியது.